மகளை நெதர்லாந்தில் ஓவியம் படிக்க அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

ஹேக் நகரில் 1682இல் தொடங்கிய அரச கலை அகாதமியில் சேர உங்கள் மகளுக்கு ஆசை. ஆடையில்லாத மாடலைப் பார்த்து வரையச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. கடிதத்தில் நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். மாணவிகள் மாடலாக நிற்க வேண்டியதில்லை. அது கூலி வாங்கிக்கொண்டு செய்யும் தொழில். அதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள்.

மறைப்புக்குப் பின்னால் உடை மாற்றி, மேலங்கியோடு வந்து, மேடை ஏறிய பிறகே மாடல் அதைக் கழற்றுவார். இடைவேளையில் மறுபடி மேலங்கி. குளிருக்குப் பக்கத்தில் ஹீட்டர் இருக்கும். புகைப்படம் எடுப்பது, தொடுவது இரண்டுக்கும் இடமில்லை. முதலில் ஓரிரு நிமிடத்துக்கு ஒரு நிலை; கை பழகிய பிறகு இருபது நிமிடம். முதலில் வரும் அந்த ஓரிரு நிமிடத்துக்குள் உடலின் எடை எந்தக் காலில் இறங்கியிருக்கிறது, எந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் கரித்துண்டால் கோடு இழுத்தாக வேண்டும். முதல் நாள் கூச்சம் இருக்கத்தான் செய்யும். இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன்.

இது அங்கே பழைய வழக்கம். 1646 வாக்கில் டச்சு ஓவியர் ரெம்பிராண்டும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே இளைஞனை வரைந்திருக்கிறார்கள். அக்காலத்தில் அவர் செப்புத் தகட்டில் செய்த அச்சோவியம் ஒன்றில், இடுப்பில் துணி மட்டும் கட்டிய இரண்டு இளைஞர்களுக்குப் பின்னால் ஒரு பெண் கை நீட்டி அழைக்கிறாள். நடைவண்டியோடு ஒரு குழந்தை அவளை நோக்கி வருகிறது. டச்சுக்காரர்கள் அந்தப் படத்தையே ‘நடைவண்டி’ என்றுதான் சொல்கிறார்கள். நடை பழகுவதுபோல வரைந்து வரைந்தே கை பழகும் என்று அதற்குப் பொருள் சொல்வோர் உண்டு. மகளோடு சேர்ந்து அதைப் பாருங்கள், பேச்சு எளிதாகும்.

எந்தத் துறையில் இந்த வகுப்பு எவ்வளவு என்பது மாறும். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது பணத்துக்கு. நான்கு ஆண்டுப் படிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டணம் சில மடங்கு கூடுதல். சேர்க்கையில் பெரிதாகப் பேசுவது மதிப்பெண் அல்ல, போர்ட்ஃபோலியோ, அதாவது அவள் வரைந்த படங்களின் தொகுப்பு. மகள் அனுப்பிய படங்களில் பாதி, புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை. எனக்கு உறுத்தியது அதுதான். நீங்கள் காய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து உங்கள் கைகளை வரையட்டும். இருபது படம் சேர்ந்ததும், தேறாதவற்றையும் விடாமல், தேதி போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.