காசு கொடுத்து வாங்கும் கட்டுரையைவிட உங்கள் மகள் சேர்த்த புல் பெரிது

நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடை நடத்தும் ஒருவர் போன வாரம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மகள் எம்.எஸ்ஸி. தாவரவியல், முதலாண்டு முடியப் போகிறது. பிஹெச்.டி. முடித்துக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் அதற்குத் தடை இல்லை. குழப்பம் சொந்தக்காரர்களிடமிருந்து வந்தது.

பெண்ணின் மாமா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். வீட்டை அடமானம் வைத்து 25 லட்சம் கடன் வாங்கி, இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை படிக்க வைத்தால்தான் நாளைக்கு மரியாதையாம். தெரிந்தவர் ஒருவர் இன்னொரு வழி காட்டியிருக்கிறார். 40,000 ரூபாய் கட்டினால் ஸ்கோபஸ் (ஆய்வு இதழ்களின் சர்வதேசத் தரவுத்தளம்) பட்டியலில் உள்ள இதழில் வரப்போகும் கட்டுரை ஒன்றில் அவள் பெயரையும் சேர்த்துவிடுவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் தர வேண்டும். "பாப்பா சி.வி. வெறுமையா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க சார். ரெண்டுல எதை முதல்ல செய்யட்டும்?" என்று கேட்டார்.

முதலாண்டு மாணவியின் சி.வி. வெறுமையாக இருப்பது இயல்புதான், பதற வேண்டாம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அவள் நீட்டிய நான்கு பக்கங்களைப் படித்ததும் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டேன். முதல் பக்கத்தில் அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை. அடுத்த இரண்டு பக்கங்களில் இணையவழிக் கருத்தரங்குகளில் 'கலந்துகொண்டதற்கான' சான்றிதழ்கள், மொத்தம் 31. கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னவை உண்மை என்ற உறுதிமொழி, கையெழுத்து. அதற்குச் சற்று மேலே, பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ், மூன்றாவதாக இரண்டு சொற்கள்: புல் சேகரிப்பு.

அதென்ன என்று கேட்டேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். இரண்டு வருடமாகக் கண்மாய்க் கரை, மல்லிகைத் தோட்டத்து வரப்பு, கல்லூரி வளாகம் என்று திரிந்து அறுபதுக்கும் மேற்பட்ட புல் வகைகளைப் பழைய நோட்டுகளில் அழுத்தி வைத்திருக்கிறாளாம். பெயர் தெரிந்தவை நாற்பது, மீதியை அடையாளம் காணத் தெரியவில்லை. "வீடு பூரா புல்லுதான் சார், நான்தான் ரெண்டு நோட்டைத் தூக்கிப் போட்டேன்" என்றார் அம்மா. எனக்கு உண்மையிலேயே மனசு வலித்தது. அந்த சி.வி.யில் இருந்த ஒரே ஆய்வு அதுதான்.

அந்தக் குடும்பத்திடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். இதே 40,000 ரூபாய்க் கேள்வி மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது என்னிடம் வருகிறது.

அந்தக் கட்டுரையை வாங்காதீர்கள். கட்டணம் குறைந்தாலும் வேண்டாம், இலவசமாகவே தந்தாலும் வேண்டாம். தான் செய்யாத ஆய்வில் பெயர் போட்டுக்கொள்வது ஆய்வுலகில் பெரிய குற்றம். பிஹெச்.டி. நேர்காணலில் எதிரே உட்காரும் பேராசிரியர், "இந்த இரண்டாம் அட்டவணையில் உள்ள மாதிரிகளை எங்கே எடுத்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பெண் வாயடைத்து நிற்பாள். பின்னால் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றால், 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு அவள் பெயர் இணையத்தில் நிரந்தரமாக நிற்கும். தரகர்கள் ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்பார்கள். அந்த எண் இதழுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். தரத்துக்குச் சான்று அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் 'கேர்' பட்டியலில் இருக்கிறது என்பார்கள். அந்தப் பட்டியலை யுஜிசியே 2025-இல் கைவிட்டுவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிஹெச்.டி. ஆய்வேட்டைத் தருவதற்கு முன்பு கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியைக்கூட யுஜிசி 2022-இல் நீக்கியது. அப்புறம் எம்.எஸ்ஸி. மாணவியிடம் ஸ்கோபஸ் கட்டுரையை யார் கேட்கிறார்கள்? கேட்பது தரகர் மட்டும்தான்.

சரி, இங்கிலாந்து. 25 லட்சத்தை 11 சதவீத வட்டிக்குப் பத்து வருடத் தவணையில் கட்டினால் மாதம் சுமார் 34,400 ரூபாய் வரும். மொத்தமாக 41 லட்சத்துக்கு மேல். ஆடி மாதம் பூ விற்காமல் கிடந்தாலும் தவணை நிற்காது. இத்தனைக்கும் அவள் ஏற்கனவே முதுகலை படித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே கிடைப்பது இரண்டாவது முதுகலை. அந்த ஓராண்டிலும் பாடங்களும் தேர்வுகளும் போக, ஆய்வுக்கென்று கோடையில் மூன்று மாதம் மிஞ்சும். இங்கேயே சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும், அதன் பிறகு 42,000 ரூபாயும், மேற்கொண்டு வீட்டு வாடகைப் படியும் அவளுக்கு வரும். ஆய்வு செய்யச் சம்பளம் தரும் வழி இருக்கும்போது வீட்டை அடமானம் வைக்க நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

நெட் பயிற்சி, பி.எட்., டி.ஆர்.பி., டி.என்.பி.எஸ்.சி. பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதைச் சொல்ல தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் நெட் மதிப்பெண்ணை வைத்துப் பிஹெச்.டி. சேருபவர்களுக்கு 70 சதவீதம் அந்த மதிப்பெண், 30 சதவீதம் நேர்காணல். ஜே.ஆர்.எஃப். உள்ளவர்களுக்கோ நேர்காணல்தான் முக்கியம். அந்த நேர்காணலில் மேசை மேல் இருக்கப்போவது இந்த சி.வி.

இனி புல்லுக்கு வருகிறேன். நெல், சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு, மூங்கில் எல்லாமே புல் குடும்பம்தான். உலகத்தில் 11,000-க்கும் மேற்பட்ட புல் இனங்கள் உண்டு. பூ சிறியது, வண்ணம் இல்லை, அடையாளம் காணக் கண் வலிக்கும். அதனால் மாணவர்கள் பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. விருப்பத்தோடு வரும் ஒருத்திக்கு இடம் காலியாகவே இருக்கிறது.

இந்தச் சேகரிப்பை சி.வி.யில் ஏற்றும் தகுதிக்குக் கொண்டுவர ஒரு வருட உழைப்பு வேண்டும். நோட்டில் அழுத்தி வைத்தது ஆய்வு மாதிரி ஆகாது. பூங்கொத்தோடும் வேரோடும் எடுக்க வேண்டும். ஒருபருவப் புல்லா பல்லாண்டுப் புல்லா என்பதை வேர்ப்பகுதி காட்டிவிடும். நெட்டையான புல்லை வெட்டக் கூடாது. இசட் எழுத்துப் போல மடித்தால் தாளுக்குள் அடங்கும். ஒரே இடத்தில் ஒரே நாளில் மூன்று நான்கு பிரதிகள் எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே சேகரிப்பு எண் போட வேண்டும். இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, மண், பக்கத்தில் என்ன வளர்ந்திருந்தது, மகரந்தப் பை என்ன நிறம் என்று வயலிலேயே எழுதிவிட வேண்டும், காய்ந்த பிறகு நிறம் தெரியாது. செய்தித்தாளுக்குள் வைத்து இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கிக் கட்டி, முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் பூஞ்சை பிடிக்கலாம். காய்ந்த செடியை ஏறக்குறைய 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள கெட்டித் தாளில் தைத்தோ ஒட்டியோ, வலது கீழ் மூலையில் விவரச் சீட்டு ஒட்டினால் ஹெர்பேரியம் (உலர்தாவரத் தொகுப்பு) தாள் தயார். பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய முறையில் பாதரச உப்பு பூசுவார்கள். அது விஷம், வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

இங்கே ஒரு கண்டிப்பு. சிறுமலை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது. அனுமதிக் கடிதம் கல்லூரி வழியாகப் போகட்டும். அது வரும்வரை கண்மாயும் வரப்பும் வளாகமும் போதும்.

அடையாளம் காண்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கேம்பிள் என்ற தாவரவியலாளர் தொடங்கி, அவருக்குப் பின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915-இலிருந்து 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெயர்கள் பல மாறிவிட்டன, ஆனால் இன்னதா அன்னதா என்று படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அதில் வரும். திணறும் இடத்தில் நேரில் போய் ஒப்பிட வேண்டும். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது, சென்னை ஹெர்பேரியம் அங்கேதான். 1853-இல் கிளெக்ஹார்ன் என்ற தாவரவியலாளர் தொடங்கிய தொகுப்பு அது. இரண்டு ஊருக்கும் பஸ் இருக்கிறது. துறைத்தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போகட்டும். நன்றாகத் தயாரித்த பிரதிகளை அவர்கள் ஏற்றுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் கிடைக்கும். பதிவான தாளை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஓர் ஆய்வாளர் கேட்டுச் சரிபார்க்க முடியும்.

இதிலிருந்து சி.வி.யில் வரக்கூடியவற்றைப் பாருங்கள். எந்த ஹெர்பேரியத்தில் எத்தனை மாதிரிகள், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று ஒரு வரி. முழுப் பட்டியலையும் செனோடோ என்ற ஆய்வுத் தரவுத் தளத்தில் இலவசமாக ஏற்றினால் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர இணைய அடையாள எண் கிடைக்கும், அது இன்னொரு வரி. ஆனால் அதைத் 'தரவுத் தொகுப்பு' என்ற தலைப்பில் மட்டும் போட வேண்டும். யாரும் மதிப்பாய்வு செய்யாததைக் கட்டுரை என்று எழுதக் கூடாது. திண்டுக்கல் மாவட்டத்தில் இதுவரை பதிவாகாத புல் ஒன்று அகப்பட்டால், கோவையிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா போன்ற இதழ்களில் 'நோட்' என்ற சிறு வடிவம் உண்டு. ஆசிரியரோடு சேர்ந்து எழுதி அனுப்பலாம். இரண்டு பக்கம்தான் வரும். ஆனால் அதில் எந்த வரியைப் பற்றிக் கேட்டாலும் பெண்ணால் பதில் சொல்ல முடியும்.

இறுதியாண்டுத் திட்டப்பணியையும் இதே புல்லில் செய்யட்டும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சிறு நிதி தருகிறது. தொகை சிறியது, ஆனால் 'ஆய்வு நிதி' என்ற தலைப்பு சி.வி.யில் இருபத்திரண்டு வயதிலேயே வந்துவிடும். மூன்று இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகையில், தகுதி விதி இடம் கொடுத்தால், இரண்டு மாதம் வேறோர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம். வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் கேட்பார்கள். அங்கே கிடைக்கும் சான்றிதழைவிட, கூடவே இருந்து பார்த்த ஒரு விஞ்ஞானி எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம்தான் பெரிய வரவு.

அந்த நான்கு பக்கத்தை அங்கேயே பென்சிலால் அடித்தோம். குடும்ப விவரம், சாதி, மதம், உறுதிமொழி எல்லாம் போய்விட்டது. 31 சான்றிதழ்களில் இரண்டு மட்டும் நின்றன, ஒன்று புல் வகைப்பாட்டுப் பயிலரங்கு, இன்னொன்று 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள் பயிற்சி. கருத்தரங்கில் உட்கார்ந்து கேட்டதும், மேடையேறிக் கட்டுரை படித்ததும், சுவரொட்டி வைத்து விளக்கியதும் வேறு வேறு. மூன்றையும் ஒரே தலைப்பில் குவிக்கக் கூடாது. இதழுக்கு அனுப்பியிருந்தால் 'மதிப்பாய்வில்' என்று எழுதலாம், அனுப்பாததை எழுதவே கூடாது. திறன்கள் என்ற இடத்தில் அவள் செய்து காட்டக்கூடியது மட்டும். பரிந்துரையாளர் பெயர்களை அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணை அன்றைக்கே எடுத்துக்கொண்டாள், அதற்குக் காசு இல்லை. எல்லாம் சேர்ந்து ஒன்றரைப் பக்கம் வந்தது.

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "நாலு பக்கம் இருந்தது ஒன்றரை ஆயிடுச்சே சார், இதை வச்சு யார் சீட்டுக் கொடுப்பாங்க?" என்றார். அடுத்த மார்ச்சில் இதே பெண்ணை இதே சி.வி.யோடு அழைத்து வாருங்கள், அப்போது பார்ப்போம் என்றேன். அதுவரை 40,000 ரூபாயில் கால் பங்கை அவள் கணக்கில் போடுங்கள்: பஸ் கட்டணம், கெட்டித் தாள், லென்ஸ், பலகை. தரகருக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன். மாமாவிடம் பேச வேண்டுமானால் நானே பேசுகிறேன் என்று என் எண்ணையும் கொடுத்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மா திரும்பி மகளிடம் கேட்டார், தினமும் மாற்ற எவ்வளவு பேப்பர் வேண்டும் என்று. கடையில் பழைய பேப்பர் கட்டுக் கட்டாகக் கிடக்கிறதாம். ஈரம் படாத கட்டாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொன்னாள்.