பிஎச்பிமைஅட்மினில் உடனே வரும் குவெரி, ஆப்பில் ஏன் இழுக்கிறது?

கேள்வி: ஹார்டுவேர் கடை ஒன்றுக்கு பில்லிங் ஆப் எழுதியிருக்கிறேன். பிஎச்பி 8, பிடிஓ (பிஎச்பியை டேட்டாபேஸோடு இணைப்பது), மைஎஸ்கியூஎல் 8. பில் டேபிளில் ஏறத்தாழ 6 லட்சம் பதிவுகள். பாதி பழைய சாஃப்ட்வேரிலிருந்து ஏற்றியவை. பில் எண்ணைக் கொடுத்துத் தேடினால் 3 நொடி ஆகிறது. அதே குவெரியை பிஎச்பிமைஅட்மினில் (பிரவுசரில் டேட்டாபேஸைக் கையாளும் கருவி) ஓட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. பில் எண்ணுக்கு இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போட்டிருக்கிறேன். சர்வரை மாற்ற வேண்டுமா? இன்னொரு சின்ன விஷயம்: சில எண்களுக்கு இரண்டு பில் வருகிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பதில்: சர்வரில் கை வைக்காதீர்கள். அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கினீர்களே, அந்தச் சின்ன விஷயத்தில்தான் விடை இருக்கிறது. 20417 என்று தேடினால் 020417-ம் சேர்ந்து வருகிறது, சரிதானே? எழுத்தாக ஒப்பிட்டால் இவை இரண்டும் வேறு வேறு. எண்ணாக ஒப்பிட்டால்தான் ஒன்று. பில் எண் ஃபீல்டு வார்கேரக்டர், அதாவது எழுத்து வகை. உங்கள் நிரலோ அதற்கு மேற்கோள் குறி இல்லாத வெறும் எண்ணை அனுப்புகிறது. நீங்கள் பிஎச்பிமைஅட்மினில் டைப் செய்தபோது பழக்கத்தில் மேற்கோள் குறி போட்டிருப்பீர்கள். ஆக, அது 'அதே குவெரி' இல்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம், சர்வருக்கு உண்மையில் என்ன போய்ச் சேர்ந்தது என்று பிடித்துப் பாருங்கள். இதை லைவ் சர்வரில் அல்ல, உங்கள் கணினியில் உள்ள பிரதியில் செய்யுங்கள். முதலில் செட் குளோபல் லாக்_அவுட்புட் = 'டேபிள்'; அடுத்து செட் குளோபல் ஜெனரல்_லாக் = 'ஆன்'. ஆப்பில் ஒரே ஒரு முறை தேடுங்கள். உடனே ஜெனரல்_லாக்கை 'ஆஃப்' செய்துவிடுங்கள். மறந்தால் வருகிற ஒவ்வொரு குவெரியும் அதில் ஏறி, டிஸ்க் நிறையும். பிறகு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் உள்ள ஜெனரல்_லாக் டேபிளைத் திறந்து, ஆர்கியுமென்ட் என்ற ஃபீல்டைப் படியுங்கள். அது பிளாப் (வெறும் பைட்டுகளாகச் சேமிக்கும்) வகை என்பதால் பிஎச்பிமைஅட்மின் வாசகத்தைக் காட்டாமல் 'பிளாப், இத்தனை பைட்' என்று மட்டும் சொல்லக்கூடும். கன்வெர்ட் (ஆர்கியுமென்ட் யூஸிங் யூடிஎஃப்8எம்பி4) என்று செலக்ட் செய்தால் வாசகம் தெரியும். வேர் (தேடும் நிபந்தனை) பகுதியில் பில்_எண் = 20417 என்று இருக்கிறதா, பில்_எண் = '20417' என்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அங்கிருந்து எடுத்த வரியை ஓரெழுத்துகூட மாற்றாமல் நகலெடுத்து, முன்னால் எக்ஸ்ப்ளெயின் (குவெரியை எப்படி ஓட்டப்போகிறது என்று காட்டும் கமாண்ட்) சேர்த்து ஓட்டுங்கள். இதற்கு கமாண்ட் லைன்தான் வசதி. காரணம் சற்றுக் கீழே தெரியும். டைப் என்ற இடத்தில் 'ஆல்' (முழு டேபிளையும் படிப்பது), பாசிபிள்_கீஸில் உங்கள் இன்டெக்ஸின் பெயர், கீயில் 'நல்' (எதுவும் இல்லை), ரோஸில் (பார்க்க வேண்டிய வரிகளின் மதிப்பீடு) 6 லட்சத்தை ஒட்டிய ஓர் எண் இருக்கும். இன்டெக்ஸ் இருப்பது தெரிகிறது, ஆனால் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். ஏன் என்பதையும் அதுவே சொல்லும்: அதே கனெக்‌ஷனில், வேறு எதையும் ஓட்டாமல், ஷோ வார்னிங்ஸ் கொடுங்கள். 1739 என்ற எண்ணோடு, டைப் அல்லது கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) மாற்றம் காரணமாக இந்த இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியவில்லை என்று ஃபீல்டின் பெயரோடு எழுதியிருக்கும். எக்ஸ்ப்ளெயின் பார்க்கிறவர்கள் பலர் இந்த இரண்டாவது கமாண்டைத் தொடுவதே இல்லை.

காரணம் எளிது. எழுத்து ஃபீல்டை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால், மைஎஸ்கியூஎல் இரண்டையும் தசம எண்ணாக மாற்றி ஒப்பிடும். '20417', '020417', '20417.0' மூன்றுமே அதற்கு ஒன்றுதான். இன்டெக்ஸோ எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டது. அதில் 0-வில் தொடங்குவது ஒரு மூலையில், 2-ல் தொடங்குவது இன்னொரு மூலையில். நேராக ஓர் இடத்துக்குப் போய் எடுக்க வழியில்லாததால் 6 லட்சத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறது. எதிர்ப்பக்கம் இந்தச் சிக்கல் இல்லை. ஃபீல்டு இன்டிஜராக இருந்து நீங்கள் '20417' என்று அனுப்பினால், அந்த ஒரு மதிப்பை மட்டும் எண்ணாக மாற்றிவிட்டு இன்டெக்ஸிலேயே தேடும்.

இனி நிரல். எண் இரண்டு இடங்களில் ஒன்றில் உருமாறியிருக்கும்: பாதுகாப்புக்காக உள்ளீட்டின் முன் (இன்ட்) (முழு எண்ணாக மாற்றுவது) போட்டு நேராகக் குவெரியில் ஒட்டியிருப்பீர்கள், அல்லது குவெரிக்கு மதிப்பைத் தரும் பைண்ட்வேல்யூவில் மூன்றாவதாக பாரம்_இன்ட் கொடுத்திருப்பீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டு, மதிப்பை பைண்ட்வேல்யூ வழியாகவே அனுப்புங்கள். மூன்றாவதைக் கொடுக்காவிட்டால் அது தானாகவே பாரம்_எஸ்டிஆர் ஆகிவிடும். எக்ஸிக்யூட்டுக்குள் அரேயாகக் கொடுத்தாலும் எல்லா மதிப்பும் எழுத்தாகவே போகும். பிடிஓவுக்குப் பதில் மைஎஸ்கியூஎல்ஐ பயன்படுத்துகிறவர்கள் பைண்ட்_பாரமில் 'ஐ'-க்குப் பதில் 'எஸ்' போட வேண்டும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனைத் தடுப்பது ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டின் (குவெரியையும் மதிப்பையும் தனித்தனியே தருவது) வேலை. (இன்ட்) அங்கே தேவையில்லை. உள்ளீட்டுக்கு ஒரு டிரிம் (இரு முனை வெற்றிடத்தை நீக்குவது) போதும்.

(இன்ட்) செய்கிற இன்னொரு சேட்டையும் உண்டு. பழைய பில்களில் 'ஆர்-1187' மாதிரி எழுத்தில் தொடங்கும் எண்கள் இருந்தால், அது (இன்ட்) வழியாகப் போகும்போது 0 ஆகிவிடும். எழுத்தில் தொடங்குகிற எல்லா பில் எண்ணும் எண்ணாக மாறினால் 0 என்பதால், அத்தனை பில்லும் வந்து விழும். தேடும் பக்கத்தில் இது தொந்தரவு மட்டும்தான். ஸ்ட்ரிக்ட் மோடை (தவறான மதிப்பு வந்தால் பிழை காட்டி நிறுத்தும் அமைப்பு) அணைத்து வைத்திருக்கும் சர்வரில் இதே வேர் ஒரு டெலீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிடிஓவின் எமுலேட் ப்ரிப்பேர்ஸ் (மதிப்புகளை பிடிஓவே குவெரிக்குள் நிரப்பி அனுப்பும் அமைப்பு) இயல்பாக ஆனில்தான் இருக்கும். அந்த நிலையில் லிமிட்டுக்கான மதிப்புகளையும் எக்ஸிக்யூட் அரேயில் கொடுத்தால் லிமிட் '0', '20' என்று போய் 1064 பிழை வரும். அங்கே மட்டும் பாரம்_இன்ட் கட்டாயம்.

மாற்றியபின் மறுபடி எக்ஸ்ப்ளெயின்: டைப் 'ரெஃப்' (இன்டெக்ஸ் வழியாகத் தேடுவது) ஆகியிருக்க வேண்டும், யுனீக் இன்டெக்ஸ் என்றால் 'கான்ஸ்ட்'. ரோஸ் 1.

மற்றப் பக்கங்களையும் பிஎச்பிமைஅட்மினில் வைத்து வேகம் பார்ப்பீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. நீங்கள் லிமிட் எழுதாத செலக்ட்டுக்கு அது தானே லிமிட் 0, 25 சேர்த்து ஓட்டும். ஆப் 40,000 வரிகளை இழுத்துக்கொண்டிருக்க, இங்கே 25-ஐப் பார்த்து வேகமாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

தேதிவாரி அறிக்கையும் இழுத்தால், வேரில் டேட்(பில்_நேரம்) = '2025-03-01' என்று இருக்கிறதா பாருங்கள். ஃபீல்டைச் சுற்றி ஃபங்ஷன் போட்டாலும் சாதாரண இன்டெக்ஸ் கைவிட்டுப் போகும். பில்_நேரம் >= '2025-03-01' அண்ட் பில்_நேரம் < '2025-03-02' என்று எழுதுங்கள். பிட்வீன் வேண்டாம், மறுநாள் நள்ளிரவு சரியாக 00:00:00-க்குப் போட்ட பில்லும் உள்ளே வந்துவிடும்.

பழைய சாஃப்ட்வேரிலிருந்து ஏற்றிய டேபிள்களை ஜாயின் செய்கிற இடங்களிலும் ஷோ வார்னிங்ஸ் பாருங்கள். ஒன்றின் எழுத்துக் குறியீட்டு முறை யூடிஎஃப்8எம்பி3, மற்றதினுடையது யூடிஎஃப்8எம்பி4 என்று இருந்தால் இதே 1739 அங்கேயும் வரலாம். அப்போது மாற்ற வேண்டியது நிரலை அல்ல, டேபிளை: ஆல்டர் டேபிள், கன்வெர்ட் டு கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4, கூடவே மற்ற டேபிளில் உள்ள அதே கொலேஷன். பேக்கப் எடுத்துக்கொண்டு, கடை மூடியபின் ஓட்டுங்கள். முடியும்வரை அந்த டேபிளில் புதிய பில் எழுத முடியாது.