ஃபேஜ்கள் நஞ்சுக்கொடியைக் கடக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நம் குடலில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான பாக்டீரியோஃபேஜ்கள் ஏராளமாக இருப்பதாகப் படித்தேன். கர்ப்ப காலத்தில் அவை தாயின் ரத்தம் வழியாகக் கருவைச் சென்றடையுமா?

பதில்: குடலிலிருந்து கரு வரையிலான பாதையில் மூன்று தடைகள் உள்ளன. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் இதற்கு நேர்மையான பதில் கிடைக்கும். முதல் தடை குடற்சுவர். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனிதச் செல்கள் ஃபேஜ்களை நுண்பைகளுக்குள் இழுத்து, மறுபக்கத்தில் வெளிவிடுவது கண்டறியப்பட்டது. அதை வைத்து ஒரு மனிதரின் குடற்சுவரை நாள்தோறும் சுமார் 3,100 கோடி ஃபேஜ்கள் கடக்கக்கூடும் என்றும் கணக்கிட்டார்கள். வளர்ப்புச் செல்களிலிருந்து முழு உடலுக்கு நீட்டிப் போட்ட கணக்கு இது என்பதை மறந்துவிட்டு அந்த எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவோர் அதிகம்.

இரண்டாவது தடை ரத்த ஓட்டம். அதில் நுழையும் ஃபேஜ்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் விரைவாக வடிகட்டிவிடுகின்றன. மூன்றாவது தடைதான் நஞ்சுக்கொடி. தாயின் ரத்தத்தில் நேரடியாகத் தோயும் அதன் வெளிப்படலம், எண்ணற்ற செல்கள் ஒன்றாக இணைந்து உருவான, இடுக்கே இல்லாத ஒற்றைப் பரப்பு. செல்களுக்கிடையே நழுவிச் செல்ல அங்கே வழியில்லை என்பதால், எந்தத் துகளும் அந்தப் படலத்தின் ஊடாகவே போயாக வேண்டும். கிருமிகளை எதிர்க்கும் புரதங்களான தாயின் ஐஜிஜி எதிர்ப்பொருள்கள் அவ்வாறு போகின்றன என்றால், அவற்றைப் பிடித்து மறுபக்கம் சேர்க்கும் தனி ஏற்பி அங்கே இருக்கிறது. ஃபேஜ்களோ அந்த எதிர்ப்பொருள்களைவிடப் பெரியவை. சிறியவற்றுள் ஒன்றான ஃபை-எக்ஸ் 174 சுமார் 30 நானோமீட்டர் அகலமும், டி4 என்னும் ஃபேஜ் வாலோடு சேர்த்துச் சுமார் 200 நானோமீட்டர் நீளமும் கொண்டவை.

இவ்வளவு தடைகள் இருந்தும், 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், கருவுற்ற எலிகளின் உடலில் டி7 ஃபேஜ் செலுத்தப்பட்டபோது அது கருக்களிலும் கண்டறியப்பட்டது. ஆகவே ‘கடக்கவே முடியாது’ என்று சொல்வதற்கில்லை. ஆனால் எலியின் நஞ்சுக்கொடி அமைப்பு மனிதருடையதிலிருந்து வேறுபட்டது. அதோடு, உடலுக்குள் ஒரே தடவையில் செலுத்தப்படும் அளவும் குடலிலிருந்து இயல்பாகக் கசியும் அளவும் ஒன்றல்ல. இயற்கையான மனிதக் கர்ப்பத்தில் இது பேசும்படியான அளவில் நடப்பதில்லை என்பதே என் கணிப்பு. அதற்கான காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: நஞ்சுக்கொடித் திசுவில் ஃபேஜ் டிஎன்ஏ இருந்ததாக ஒரு செய்தி பார்த்தேன். அது போதுமான சான்று இல்லையா?

பதில்: இல்லை. டிஎன்ஏ துணுக்கு கிடைப்பது வேறு, முழுத் துகள் அங்கே இருந்தது என்பது வேறு. நஞ்சுக்கொடிக்கென்று தனி நுண்ணுயிர்க் கூட்டமே உண்டு என்று 2014-இல் பரபரப்பாகப் பேசப்பட்டது. 500-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கி 2019-இல் வெளியான ஆய்வோ, அப்படிக் கிடைத்த சமிக்ஞைகளில் பெரும்பாலானவை பிரசவத்தின்போதும் ஆய்வகப் பொருள்களிலிருந்தும் கலந்த மாசே என்று காட்டியது. ஃபேஜ் விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: டிஎன்ஏ வரிசையறியும் கருவிகளில் தரச்சோதனைக்காகச் சேர்க்கப்படுவதே ஃபை-எக்ஸ் 174 ஃபேஜின் டிஎன்ஏதான்! கருவியில் நாமே ஊற்றியதை நோயாளியின் உடலில் கண்டுபிடித்ததாக எண்ணிவிடும் ஆபத்து இங்கே எப்போதும் இருக்கிறது.

இதைவிட நம்பகமான சாட்சி, பிறந்த குழந்தையின் முதல் மலம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலான குழந்தைகளின் முதல் மலத்தில் வைரஸ் துகள்களே தென்படவில்லை. ஒரு மாத வயதிலோ ஒரு கிராம் மலத்தில் அவை சுமார் 100 கோடி அளவுக்குப் பெருகியிருந்தன. குடலில் முதலில் குடியேறும் பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிக்குள் உறங்கிக்கிடந்த ஃபேஜ்கள் விழித்து வெளிவருவதே இதற்கு முதன்மைக் காரணம். கருவறையிலேயே ஃபேஜ்கள் பெருமளவில் வந்து சேர்ந்திருந்தால் முதல் மலம் இப்படி வெறுமையாக இருந்திருக்காது.

கேள்வி: ரூபெல்லா, ஜிகா வைரஸ்கள் கருவைப் பாதிக்கின்றனவே, ஃபேஜும் வைரஸ்தானே?

பதில்: அவை மனிதச் செல்லுக்குள் நுழைந்து அங்கேயே பெருகுபவை. ஃபேஜால் பாக்டீரியாவுக்குள் மட்டுமே பெருக முடியும். கருவைச் சென்றடையும் ஃபேஜ் அங்கே பாக்டீரியா இல்லாத வரை பெருக வழியின்றிச் சிதைந்துபோகும்.

கேள்வி: கர்ப்பிணியான எனக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. ஆன்டிபயாடிக்குக்குப் பதில் ஃபேஜ் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்களாக முடிவெடுத்து எடுக்க வேண்டாம். பல பாக்டீரியாக்களில் வளர்க்கப்படும் ஃபேஜ்களைச் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால், உடைந்த பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் மருந்தில் தங்கிவிடும். காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டக்கூடிய அந்தப் பொருளைப் பற்றித்தான், ஃபேஜைவிட அதிகமாக, ஒரு கர்ப்பிணி கவலைப்பட வேண்டும். மறுபுறம், கவனிக்கப்படாத சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை பரவிக் குறைமாதப் பிரசவத்துக்கு வழிவகுக்கலாம். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளில் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவருபவை உள்ளன. சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை முடிவைப் பார்த்து உங்கள் மகப்பேறு மருத்துவர் தேர்ந்தெடுப்பதை முழுக் காலமும் சாப்பிடுங்கள்.

கேள்வி: சில உணவுப்பொருள்களில் ஃபேஜ் தெளிக்கப்படுகிறதாமே, கர்ப்பிணிகள் அவற்றைச் சாப்பிடலாமா?

பதில்: லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவுக்கு எதிரான ஒரு ஃபேஜ் கலவையை, உடனடியாக உண்ணத்தக்க இறைச்சிப் பொருள்களில் தெளிக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006-இல் அனுமதித்தது. லிஸ்டீரியா நஞ்சுக்கொடியைக் கடந்து கருச்சிதைவை உண்டாக்கவல்லது என்பது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. தெளிக்கப்பட்ட ஃபேஜைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. ஆனால் அந்தத் தெளிப்பை நம்பிக் கர்ப்பிணிகள் அத்தகைய இறைச்சியைச் சூடாக்காமல் சாப்பிடக் கூடாது. ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே சாப்பிட வேண்டும்.