மரப்பட்டையில் ஒரு குடித்தனம்: லைக்கன் கேள்வி பதில்

பொள்ளாச்சி: ஐயா, தென்னையில் வெள்ளைத் திட்டு படர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் வேண்டாம். அது நோயல்ல, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். மரத்தை உறிஞ்சாது, பட்டை அதற்கு வெறும் திண்ணை. சுரண்டாதீர்கள்.

வால்பாறை: சோலைக்காட்டுக் கிழ மரங்களில் கையகலத்துக்கு இலைபோல ஒட்டியிருப்பது, எங்கள் எஸ்டேட் நிழல் மரங்களில் காணோமே?

இப்படிக் கேளுங்கள்! லைக்கனுக்கு வேர் கிடையாது. மழை, பனிமூட்டம், தூசி எல்லாவற்றையும் உடம்பாலேயே குடிக்கிறது. தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் தாமிர மருந்து காற்றில் வந்தால் அதையும் குடித்துச் சாகும். இரண்டாவது, ஈரம். கிழ மரத்துப் பட்டை வெடிப்பில் ஈரம் தங்கும். நிழல் மரத்தைக் கிளை கழித்தால் வெயில் விழுந்து பட்டை காய்ந்துவிடும். தைலமரமோ பட்டையையே உரித்துப் போட்டுவிடும். குடிவந்தவர் திண்ணையோடு கீழே விழ வேண்டியதுதான். காட்டைத் துண்டு போட்டாலும் இதே கதை, ஓரத்து மரங்கள் முதலில் காயும். பல இனங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கையகலம் என்றால் எத்தனை வருடம், நீங்களே கணக்குப் போடுங்கள். ஐரோப்பாவில் நுரையீரல் லைக்கன் என்று ஒன்று உண்டு. அதைப் பார்த்தாலே பழங்காடு என்பார்கள். அங்கே வேறு மரத்துக்குப் பெயர்த்து ஒட்டியும் பார்க்கிறார்கள். மரத்தை விட்டுவைப்பது அதைவிடச் சுலபம். காய்ந்த லைக்கன் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: சாம்பல் நிறம் கண்ணெதிரே பச்சையாகும்.

கோபி: மாமரத்தில் சாம்பல் திட்டு, மருந்து...

பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு: எங்கள் மளிகைக் கடையில் விற்கும் கல்பாசியும் இதுதானா?

இதுதான். பெயரில்தான் கல், பெரும்பாலும் மரப்பட்டையில் எடுப்பது.

கொல்லிமலை: மலைச்சனம் காலகாலமாக எடுக்கிறார்கள். அவர்கள் மேல் பழி போடாதீர்கள்.

போடவில்லையே! குழம்புக்கு ஒரு சிட்டிகை எடுத்தவர்களால் காடு அழியவில்லை. மூட்டை மூட்டையாகக் கேட்கும் வியாபாரம் வேறு.

ஈரோடு: நாங்கள் வாங்காவிட்டால் அவர்களுக்குக் கூலி யார் தருவது?

நியாயமான கேள்வி. வாங்குங்கள், முழுக்க வழித்ததை வாங்காதீர்கள்.

கொல்லிமலை: கொஞ்சம் விட்டுவைத்து எடுத்தால் திரும்ப வருமா?

துண்டு மிஞ்சினால் வரும், மெதுவாக. பட்டையோடு செதுக்கினால் வராது. விழுந்த கிளையில் எடுப்பது உத்தமம்.

தாராபுரம்: வேம்பில் திட்டு இருந்தது, சுரண்டிச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். சரிதானே?

அடித்தாயிற்றா? பக்கத்து மரத்தையாவது விடுங்கள்.