ஆக்சிஜன் 98, அப்புறம் ஏன் ஐசியூ?

நாகர்கோவிலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர், நம் மாவட்டத்தாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மார்த்தாண்டத்திலிருந்து: சிஸ்டர், அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். விரலில் மாட்டிய மெஷின் 98 காட்டியது. டாக்டரோ லாக்டேட் 4.6, ஐசியூவில் சேர்க்க வேண்டும் என்கிறார். காசுக்காகவா?

சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் இதில் டாக்டர் பக்கம்தான் நியாயம். 98 என்றால், இருக்கிற ஹீமோகுளோபினில் 98 சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது, அவ்வளவுதான். ஹீமோகுளோபினே பாதியாகக் குறைந்திருந்தாலும் மெஷின் 98 காட்டும். பேச்சிப்பாறை அணை நிரம்பியிருந்தும் கடைமடை வயல் காய்வதில்லையா? திசுக்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்ந்ததா என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. திசுக்கள் ஆக்சிஜன் போதாமல் திணறும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்தான் லாக்டேட், அது அதைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். வழக்கமாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்கும். தொற்று உள்ளவருக்கு 4 தாண்டினால், பிரஷர் நன்றாக இருந்தாலும் நாங்கள் உஷாராகிவிடுவோம். இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் திரும்பவும் பார்ப்பார்கள். முதல் எண்ணைவிட, அது இறங்குகிறதா என்பதைக் கேளுங்கள்.

குளச்சலிலிருந்து: அண்ணனுக்கு ஆஸ்துமா. நெபுலைசர் வைக்க வைக்க மூச்சு தேறியது, லாக்டேட் மட்டும் ஏறியது. ஏன்?

நெபுலைசரில் வைக்கும் சால்புட்டமால் மருந்தே லாக்டேட்டை ஏற்றும். அட்ரினலினும் அப்படித்தான். வலிப்பு வந்து நின்றவருக்கும், ஈரல் கெட்டவருக்கும்கூட ஏறியிருக்கும். ஆளைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

தக்கலையிலிருந்து: மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறார்களே, சாதாரண ரத்தம் போதாதா?

லாக்டேட்டுக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்லும் சாதாரண ரத்தம், அதாவது சிரை ரத்தமே பெரும்பாலும் போதும். ஆக்சிஜன் அளவு துல்லியமாக வேண்டுமென்றால்தான் மணிக்கட்டில் உள்ள தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய். வலிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஊசியை எடுத்ததும் ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மணிக்கட்டு வீங்கிவிடும். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் உடனே வெளியேற்றுவோம், ஆக்சிஜன் கணக்கு மாறிவிடும். எடுத்த ரத்தத்தை மேசையில் போட்டுவைக்கவும் கூடாது. சிவப்பணுக்கள் சிரிஞ்சுக்குள்ளேயும் சர்க்கரையை எரித்து லாக்டேட் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். தாமதமாகும் என்றால் ஐஸில் வைப்போம்.

குலசேகரத்திலிருந்து: ரப்பர் ஷீட் புகைபோடும் அறையில் தம்பி மயங்கி விழுந்தான். விரல் மெஷின் 99 காட்டுகிறது. பயமில்லைதானே?

பயப்பட வேண்டிய இடம் இதுதான். மூடிய அறைப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கும். ஹீமோகுளோபினில் அது ஒட்டிக்கொண்டாலும் விரல் மெஷின் அதை ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். 99ஐ நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், புகை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துக் காட்டும் கோ-ஆக்சிமீட்டர் உள்ள ரத்த வாயு மெஷினில்தான் அது தெரியும்.

வடசேரியிலிருந்து: அம்மாவுக்கு விரலில் எண்ணே வரவில்லை, மருதாணி காரணமா?

பெரும்பாலும் குளிர்ந்த விரல்தான் காரணம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, அடர் நிற நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிட்டு, காதுமடலிலும் பாருங்கள். திரையில் அலை ஒழுங்காக ஓடாதவரை எண்ணை நம்பாதீர்கள். கருத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியும் காட்டும். எண் வராததோடு கை சில்லிட்டு, ஆளும் சோர்ந்திருந்தால் மெஷினோடு மல்லுக்கட்டாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.