சாதகத்தில் எழுதாத நோய்: கேள்வி பதில்

காரைக்குடியில் 30 வருஷம் பிள்ளைகளைப் பார்த்த டாக்டர் நான். பரம்பரை நோய் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரைக்கூடப் போடவில்லை. நம் பக்கம் ஊரைச் சொன்னால் போதும், அரை மணி நேரத்தில் வீட்டு விலாசத்தையே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாமனார் ஹண்டிங்டன் நோயில் 56 வயதில் காலமானார். கை கால் தன்னால் ஆடும், கடைசியில் புத்தியும் மாறிவிட்டது. வீட்டுக்காரருக்கு 45. பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறார். 23 வயது மகளோ கல்யாணத்துக்கு முன் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். நான் யார் பக்கம் நிற்பது?

ஆச்சி, இதற்கான மரபணுவை 1993-இல் கண்டுபிடித்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் பதில் சொல்லிவிடும். ஆனால் நோயை நிறுத்த இன்றுவரை மருந்து இல்லை, ஆட்டத்தைக் குறைக்கத்தான் மாத்திரை. அதனால் உங்கள் வீட்டுக்காரரைக் கோழை என்று நினைக்காதீர்கள். உலகம் முழுக்க இந்தக் குடும்பங்களில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் பரிசோதித்துக்கொள்வதில்லை.

அவருக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. மகளுக்கு இப்போதைக்குக் கால்வாசி. மகளுக்கு இல்லை என்று வந்தால் அப்பாவைப் பற்றி எதுவும் தெரியாது. இருக்கிறது என்று வந்தால், ரத்தமே கொடுக்காத அப்பாவுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியாகிவிடும். தெரிந்துகொள்ள மகளுக்கு உரிமை உண்டு, தெரியாமல் இருக்க அப்பாவுக்கும் உண்டு.

நான் மகள் பக்கம். அவள் உடம்பு, அவள் கல்யாணம், அவள் பெறப்போகும் பிள்ளை. ஆனால் ரத்தம் கொடுக்கும் முன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "அப்பச்சி, வருகிற சேதியை உங்களிடம் சொல்லவா, வேண்டாமா?" வேண்டாம் என்றால் நீங்களும் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. ஒரே வளவில் நடமாடிக்கொண்டு முகத்தை எத்தனை நாள் மறைப்பீர்கள்? ரத்தம் கொடுத்த பிறகு மனம் மாறி முடிவை வாங்காமலே வரவும் மகளுக்கு உரிமை உண்டு. அப்படித் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

8 வயது மகனுக்கும் சேர்த்துப் பார்த்துவிடலாமா? (அதே ஆச்சி)

வேண்டாம். பெரியவனானதும் வருகிற, இப்போது மருந்தில்லாத நோய்க்குச் சிறுபிள்ளையைச் சோதிக்கக்கூடாது. 18 ஆகட்டும், அவனே முடிவு செய்யட்டும்.

தம்பி டூஷேன் தசைச்சிதைவில் 19 வயதில் போய்விட்டான். எனக்கு இப்போது வரன் வந்திருக்கிறது. "காமாலையில் செத்தான்னு சொல்லிக்கலாம்" என்கிறார் அம்மா.

சொல்லாதே அம்மா. முதலில் உனக்கு அந்த நோயின் மரபணுக் குறை இருக்கிறதா என்று பார். இந்த நோய் வந்த பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது புதிதாக முளைத்தது, தாயிடமிருந்து வந்ததல்ல. உன் அம்மாவுக்குக் குறை இருந்தால்தான் உனக்குப் பாதி வாய்ப்பு. இல்லாத பயத்துக்கு எதற்குப் பொய்? குறை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதி வாய்ப்பில் நோய் வரும். அதை மாப்பிள்ளையிடம் பேசி முடிப்பதற்கு முன் நீயே சொல். தரகர் வழியாக வேண்டாம்.

தம்பியின் மரபணு அறிக்கையைத் தேடி எடு. அது இருந்தால் உன் சோதனை சுலபம். இதில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. இதே நோயில் ஒரு பையன் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, சேமித்து வைக்க 5 மில்லி ரத்தம் வேண்டும் என்று அவன் தாயிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது நாகரிகம் என்று நினைத்தேன். நாலு வருஷம் கழித்து அவன் அக்கா மூன்று மாதக் கர்ப்பத்தோடு வந்து நின்றாள். ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் ஒன்றுமில்லை. அதன் பிறகு எந்த வீட்டிலும் கேட்காமல் விட்டதில்லை, திட்டு வாங்கியும் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் நகரத்தார். கோயில் பிரிவில் நாங்கள் மாத்தூர், பெண் வீடு இளையாத்தங்குடி. பங்காளி கிடையாது, அம்மான் மகள்தான். ரத்தச் சொந்தம் என்று பயப்படவேண்டுமா?

தம்பி, கோயில் கணக்கு அப்பா வழியை மட்டும் பார்க்கிறது. மரபணு இரண்டு வழியிலும் வரும். அம்மான் மகளும் நீங்களும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். பிறவிக் குறை எல்லாத் தம்பதிக்குமே நூற்றுக்கு இரண்டு மூன்று உண்டு. இப்படிக் கட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. கட்டாதே என்று சொல்லமாட்டேன், விசாரித்துக் கட்டு என்கிறேன்.

இன்னொன்று, இதை வெளியூர் டாக்டர் கேட்கமாட்டார். உங்கள் ஐயாவோ அப்பச்சியோ பிள்ளை கூட்டப்பட்டவரா, அதாவது தத்து வந்தவரா? அப்படியென்றால் கோயில் கணக்கில் அவர் புள்ளி இந்த வீட்டில், ரத்தம் பிறந்த வீட்டில். நோய்க் கதையை அங்கே போய்க் கேட்கவேண்டும்.

இருவருக்கும் தாலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் மரபணுக் குறை. 12 வார வயிற்றுப் பிள்ளைக்கு நோய் இருந்தால் கலைப்பது பாவமா?

நாலில் ஒரு வாய்ப்பு. இப்போதே நச்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கலாம். பாவ புண்ணியம் என் துறையில்லை. சட்டம் மட்டும் சொல்கிறேன்: 18 வயது தாண்டியவருக்கு உங்கள் ஒப்புதல் ஒன்றே போதும். மாமியார் கையெழுத்துக்கு அதில் இடமே கிடையாது. வைத்துக்கொள்வதென்றாலும் அப்படித்தான்.

பரம்பரைச் சிறுமூளைத் தேய்வு, அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கேட்டால் தலையாட்டுகிறார், எல்லாம் புரிகிறது. அடுத்த தடவை மூச்சு முட்டினால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று நான் சொன்னால் கொன்ற பழி வருமா?

வராது. 2018-இல் உச்ச நீதிமன்றம், கௌரவமாகச் சாவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்றது. முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையை 2023-இல் எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி. எழுதாதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு மருத்துவக் குழுக்கள் முடிவெடுக்கலாம்.

ஆனால் தலையாட்டுகிறார், எல்லாம் புரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் என்னைக் கேட்கிறீர்கள்? அவரைக் கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரிச் சின்னச் சின்னக் கேள்வியாக, காலை நேரத்தில். மாலையானால் களைத்துவிடுவார்.