ஆறு வாரப் பிள்ளைக்குப் புரோபயாடிக் சொட்டு மருந்து

சகோதரி, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஆறு வாரப் பிள்ளை பொழுது சாய்ந்ததும் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகிறது, புரோபயாடிக் (குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள கிருமிகள் அடங்கிய மருந்து) கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கலாம். ஆனால் எல்லாப் புரோபயாடிக்கும் ஒன்றல்ல. தாய்ப்பால் பிள்ளைகளின் அழுகையைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரிந்தது லாக்டோபாசிலஸ் ரூட்டரி வகை. வழக்கமான அளவு நாளுக்கு 5 சொட்டு. என் மகளுக்குப் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் எடுத்து, அதில் கலந்து புகட்டினேன். சூடான பாலில் மட்டும் விடாதீர்கள், உள்ளிருக்கும் நல்ல கிருமிகள் செத்துவிடும். முதல் நாளே அழுகை நிற்காது. ஓரிரு வாரம் பொறுங்கள்.

குறைமாதப் பிள்ளையென்றால் நீங்களாகத் தொடவே வேண்டாம். அத்தகைய பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்தான தொற்று வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. காய்ச்சலோ பச்சை வாந்தியோ மலத்தில் இரத்தமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.